எட்டாம் தடம்

ராத்திரி பதினொன்றுக்கு மேல்
ஓசூர்ப் பக்கமிருந்து வரும் லாரிகள்
விளக்கைத் தாழ்த்துவதே இல்லை.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, எட்டாம் தடம்,
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
என் இடது புருவத்துக்கு மேலே யாரோ
தடுப்புக்கட்டையைத் தூக்கி இறக்கி
தூக்கி இறக்கி.

ஒற்றைத் தலைவலி என்றான் மாதேஷ்.
பித்தம் என்றாள் பக்கத்து வீட்டு நாகவேணி
புளி தட்டிக்கொண்டே.
கொட்டை நீக்க அவள் போடும் ஒவ்வோர் அடியும்
என் பகல் தூக்கத்தில்
நெற்றிப்பொட்டில்தான் விழுகிறது.
எப்படிச் சொல்வது?
கிலோவுக்கு இத்தனை என்று கூலி அவளுக்கு.

சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டேன்.
எரிச்சல் வந்தது.
எரிச்சல் அடங்கிப் பார்த்தால் வலி
உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.
தைலம் தேய்த்துப் போனேன்.
சளியா என்றாள் ஏழாம் தடத்து ஷம்ஷாத்.
அட்டை அட்டையாக மாத்திரை.
கடைசியில்
வலிக்காக மாத்திரையா
மாத்திரையால் வலியா
எனக்கே பிடிபடவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டார்:
திடீரென்று இடி இறங்கினமாதிரி வந்ததா?
கை கால் மரத்ததா, பேச்சு குழறியதா?
காய்ச்சலோடு கழுத்து விறைத்ததா?
இல்லை. இல்லை. இல்லை.
"அப்படி வந்தால் வீட்டில் ஒரு நிமிஷம் இருக்காதே, ஓடி வா.
இது அது இல்லை.
மாத்திரையைக் குறை.
எப்போது வருகிறதென்று எழுதிக் கொண்டுவா."

எழுதக் காகிதத்துக்கா பஞ்சம்?
ஃபாஸ்டேக் வந்தபின் மிஞ்சிய ரசீதுச் சுருள், அதன் முதுகில்:

செவ்வாய். விடியல் நாலு. கிரானைட் லாரி ஹாரன். வலி.
வியாழன். சோறு இறங்கவில்லை. வலி.
வெள்ளி. லீவு. காவேரிப்பட்டணம், அக்கா வீடு,
மூன்று சொம்பு மோர், ஓயாத பேச்சு. வலி இல்லை.
சனி. மாங்கூழ் டேங்கர் பத்து நிமிஷம் நின்றது.
அந்த இனிப்பு வாடை. வாந்தி.
ஞாயிறு. யாரும் திட்டவில்லை. இருந்தும்.

இருபத்திரண்டு நாளைக்
கட்டில்மேல் நீளமாக உருட்டிப் பார்த்தேன்.
ஹாரன் கேட்டும் வலிக்காத நாள் இருந்தது.
வெளிச்சம் குறைந்தும் வலித்த நாள் இருந்தது.
வேலைநாள் எதிலும் நான் எழுதாமல் விட்டது
ஒன்றே ஒன்று:
தண்ணீர்.

கழிப்பறை அந்தக் கோடியில்.
நடுவில் ஆறு தடம், தடத்துக்கொரு லாரி.
போய்வரப் பன்னிரண்டு நிமிஷம்,
அது சூப்பர்வைசர் கடிகாரத்தில்.
அதனால் கிளம்பும்போது ஒரு வாய்,
திரும்பியபின் ஒரு சொம்பு,
நடுவில் எட்டு மணிநேரம்.
குடிக்காமல் இருப்பதை நான்
சாமர்த்தியம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

சுருளைக் காட்டியபோது ஷம்ஷாத் சிரிக்கவில்லை.
"எனக்குப் பின்மண்டை" என்றாள்.
மூன்றாம் தடத்து எல்லம்மா
கண்ணுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள்.

இப்போது ஒரு லிட்டர் பாட்டில்
கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்.
பசிக்குமுன் உப்புப் போட்ட கஞ்சி.
வீட்டுக்கு வந்தால் ஜன்னலில் கறுப்புப் போர்வை,
நெற்றியில் நனைத்த துண்டு,
பகல் இரண்டுவரை தூக்கம்.
நாகவேணியிடம் சொல்லியும்விட்டேன்.
கல்லுக்கடியில் சாக்கை மடித்துப் போட்டு
அவள் பாட்டுக்குத் தட்டுகிறாள்;
சத்தம் பாதி.
வலி அடியோடு போகவில்லை.
தூரத்துக்கு முந்தின நாள் தவறாமல் வருகிறது.
எழுதிக்கொள்கிறேன்.

முதல்நாள் ராத்திரி இரண்டு மணிக்கு
ஷம்ஷாதும் நானும் கூண்டைவிட்டு இறங்கினோம்.
"வரிசை நிற்குது, வரிசை நிற்குது" என்று
மைக்கில் ஒரே கத்தல்.
கையை உயர்த்திக் காட்டினேன்.
பதினாறு சக்கரம், முதுகில் ஒரு மலைத்துண்டு,
புஸ்ஸென்று மூச்சு விட்டு
நின்றது லாரி,
நாங்கள் ஒன்றுக்குப் போய்வரும்வரை.